ரூபியில் ப்ரொடெக்டட் மெத்தடும் இன்ஹெரிடன்ஸும்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜாவாவோ சி பிளஸ் பிளஸ்ஸோ பழகிவிட்டு ரூபிக்கு வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பப்ளிக், ப்ரைவேட், ப்ரொடெக்டட் என்று அதே மூன்று பெயர்கள் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் பழைய அர்த்தத்தோடு உள்ளே நுழைந்தால் ஓட வேண்டிய கோடு உடையும், உடைய வேண்டியது ஓடும், எங்கே தேடுவது என்றே பிடிபடாது. அப்படித் தேடி அலைந்த பிறகு எனக்குக் கிடைத்த வரிசையை அப்படியே தருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைக்கிற கோடு எந்த ஃபைலில், எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்பதை ரூபி பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது இரண்டு விஷயம்: இந்த நேரத்தில் செல்ஃப் யார் (ஓடிக்கொண்டிருக்கும் கோடு எந்த ஆப்ஜெக்டுக்குள் இருக்கிறதோ அது, ஜாவாவின் திஸ் மாதிரி), அழைக்கப்படும் மெத்தடின் ஓனர், அதாவது அது எழுதப்பட்ட கிளாஸ், எது. கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

உதாரணங்களில் மெத்தட் பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ரூபியில் அது உண்மையாகவே ஓடும், வேரியபிள் பெயரும் தமிழில் வைக்கலாம். கிளாஸ் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதால் தமிழில் வைக்க முடியாது, நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாதே. அதை ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. எந்த ரூபி ஓடுகிறது என்று பாருங்கள்

காசு எதுவும் கிடையாது, ரூபி இலவசம், கூடவே ஐஆர்பி, அதாவது ரூபி வரிகளை அடித்து உடனே ஓட்டிப் பார்க்கும் கருவி, வந்துவிடும். ஆனால் எந்த வெர்ஷன் என்பது இந்த விஷயத்தில் முக்கியம். ஆப்பிள் மேக்கோடு வரும் ரூபி 2.6, அதற்கான பராமரிப்பு 2022 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. உபுண்டு 22.04 தருவது 3.0, 24.04 தருவது 3.2. டெர்மினலில் ரூபி என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபனும் வி என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் (ruby -v) வெர்ஷன் தெரியும்.

இரண்டு வெர்ஷன் மாற்றங்களை நினைவில் வையுங்கள். 2019 டிசம்பர் 25 அன்று வந்த 2.7-லிருந்து ப்ரைவேட் மெத்தடை செல்ஃப் என்று முன்னால் போட்டும் அழைக்கலாம். 2020 டிசம்பர் 25 அன்று வந்த 3.0-லிருந்து, ப்ரொடெக்டட் என்று எழுதி அதே வரியில் அட்ர்_ரீடர் (இன்ஸ்டன்ஸ் வேரியபிளைப் படித்துத் தரும் மெத்தடைத் தானே எழுதிவிடுவது) போட்டால் வேலை செய்யும். இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்களில் பல இதற்கு முந்தியவை, புதிய விளக்கங்களோ மேக்கின் 2.6-ல் ஓடாது. இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரூபி வெர்ஷன்களை ஏற்றித் தரும் ஆர்பிஎன்வ் என்ற கருவியைப் போட்டு 3-க்கு மேற்பட்ட ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். அது ரூபியைச் சோர்ஸிலிருந்து கட்டும் என்பதால் பழைய லேப்டாப்பில் கொஞ்ச நேரம் பிடிக்கும், டீ குடித்துவிட்டு வாருங்கள்.

படிக்க வேண்டிய ஆவணம் ஒன்றுதான்: அதிகாரப்பூர்வ ஆவணத்தில் மாட்யூல் என்ற கிளாஸின் பக்கம். ப்ரொடெக்டட், ப்ரைவேட் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன, ஏனென்றால் ரூபியில் இவை கீவேர்டுகள் கிடையாது, சாதாரண மெத்தடுகள். கிளாஸ் உடலை ரூபி மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும்போது இவையும் ஓடுகின்றன, தமக்குக் கீழே வரும் மெத்தடுகளின் நிலையை, அதாவது அவற்றை யார் அழைக்கலாம் என்பதை, மாற்றிவிட்டுப் போகின்றன. அவ்வளவுதான்.

2. ப்ரைவேட்டை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

ஜாவாவில் ப்ரைவேட் மெத்தடைப் பிள்ளை கிளாஸ் தொட முடியாது. ரூபியில் தாராளமாகத் தொடலாம். தாய் கிளாஸின் ப்ரைவேட் மெத்தட் பிள்ளைக்கும் வந்து சேரும், பிள்ளை அதை அழைக்கலாம், மாற்றியும் எழுதலாம். ப்ரைவேட்டுக்கு இங்கே உள்ள ஒரே நிபந்தனை, மெத்தட் பெயருக்கு முன்னால் வேறொரு ஆப்ஜெக்டைப் புள்ளி வைத்து எழுதக்கூடாது என்பது.

அதனால் "பிள்ளை கிளாஸுக்கு வேண்டும், வெளியாருக்கு வேண்டாம்" என்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் ப்ரைவேட்டே போதும். ரூபியில் வலைத்தளம் கட்டும் ரெயில்ஸின் கண்ட்ரோலர் கிளாஸ்களில் ப்ரொடெக்டட் என்று எழுதியிருப்பதை நிறையப் பார்ப்பீர்கள், லாகின் வேலைக்கான டிவைஸ் என்ற ஜெம்மின் (ரூபியில் லைப்ரரிக்கு ஜெம் என்று பெயர்) ரீட்மீயிலேயே இருக்கிறது. அது தவறு என்று சொல்லவில்லை, ஆனால் அங்கே ப்ரைவேட் போட்டாலும் அதே வேலை நடக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பெயர் மோதல். ஒரு ஜெம்மின் கிளாஸிலிருந்து நீங்கள் பிள்ளை கிளாஸ் எழுதி, அதில் தற்செயலாக 'சரிபார்' என்று ஒரு மெத்தட் வைத்தீர்கள், அந்தத் தாய் கிளாஸிலும் அதே பெயரில் ஒரு ப்ரைவேட் மெத்தட் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி தாய் கிளாஸின் உள்வேலைகளும் உங்கள் மெத்தடைத்தான் அழைக்கும். எச்சரிக்கை எதுவும் வராது.

3. ப்ரொடெக்டட் எதற்கு என்று ஒரு டெண்டரில் பாருங்கள்

மூடி முத்திரை வைத்த டெண்டர் உறைகள் வந்திருக்கின்றன. எது குறைந்த தொகை என்று தெரிய வேண்டும், ஆனால் தொகையை வெளியே யாரும் படிக்கக்கூடாது. டெண்டர் என்ற கிளாஸில் 'தொகை' என்று ஒரு மெத்தட், 'குறைவா?' என்று ஒரு மெத்தட். இரண்டாவது, ஒப்பிட வேண்டிய டெண்டரைப் 'பிற' என்று வாங்கிக்கொள்ளும், அதற்குள் எழுதுவது இவ்வளவுதான்: தொகை < பிற.தொகை

இடப்பக்கம் சிக்கலே இல்லை, அது என் தொகை. வலப்பக்கம்தான் விவகாரம், இன்னொரு டெண்டரின் தொகையைப் புள்ளி வைத்துக் கேட்கிறோம். தொகை ப்ரைவேட்டாக இருந்தால் இது நோமெத்தட்எரர் என்று விழும். பப்ளிக்காக இருந்தால் ஊரே படிக்கும். அ, ஆ என்று இரண்டு டெண்டர்கள் இருக்க, ப்ரொடெக்டட்டாக வைத்தால் அ.குறைவா?(ஆ) ஓடும், வெளியிலிருந்து அ.தொகை என்று கேட்டால் பிழை வரும்.

விதி இது: அழைக்கும் நேரத்தில் செல்ஃபாக இருக்கும் ஆப்ஜெக்ட், அந்த மெத்தட் எழுதப்பட்ட கிளாஸின் வகையாக இருக்க வேண்டும், அதாவது கைண்ட்_ஆஃப்? என்று கேட்டால் ட்ரூ வர வேண்டும். மெத்தடை ஒரு மாட்யூலில் (பல கிளாஸ்களில் இன்க்ளூட் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளும் மெத்தட் தொகுப்பு) எழுதியிருந்தால், அந்த மாட்யூலை இன்க்ளூட் செய்த எந்த ஆப்ஜெக்ட்டும் அழைக்கலாம், கிளாஸ்கள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் இருந்தாலும்.

ஐஆர்பியில் உட்கார்ந்து அ.தொகை என்று அடித்துவிட்டு "வேலை செய்யவில்லையே" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அங்கே செல்ஃப் என்பது மெயின் என்ற தனி ஆப்ஜெக்ட், அது டெண்டர் கிடையாது. பிழை வந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சோதனை எப்போது நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு அழைப்பின்போதும்தான். ஃபைலை ஏற்றும்போதோ சின்டாக்ஸ் சரிபார்க்கும்போதோ எதுவும் தெரியாது, அந்த வரி ஓடினால்தான் உடையும். டெஸ்ட் அந்த வரியைத் தொடவில்லை என்றால் ப்ரொடக்ஷனில்தான் பார்ப்பீர்கள்.

4. பிள்ளை கிளாஸ் மாற்றி எழுதும்போது நின்று யோசியுங்கள்

இதுதான் கட்டுரையின் மையம், இங்கே அவசரப்படாதீர்கள்.

டெண்டரிலிருந்து இறக்குமதி டெண்டர் என்று ஒரு பிள்ளை கிளாஸ் எழுதுகிறோம். அதற்குச் சுங்கவரி சேர்த்துத் தொகை கணக்கிட வேண்டும், எனவே தொகை மெத்தடை அங்கே மாற்றி எழுதுகிறோம். இரண்டு விதமாக எழுதலாம், இரண்டிலும் பள்ளம் இருக்கிறது.

முதல் விதம்: சும்மா டெஃப் போட்டு எழுதிவிடுவது. தாய் கிளாஸில் ப்ரொடெக்டட் என்பதால் இங்கேயும் ப்ரொடெக்டட்டாகவே இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. மாற்றி எழுதும் மெத்தடுக்குத் தாயின் நிலை வந்து சேராது, அது பப்ளிக் ஆகிவிடும். இனிஷியலைஸ் போன்ற ஒரு சில மெத்தடுகள் மட்டுமே எங்கே எழுதினாலும் ப்ரைவேட்டாக இருக்கும். ஆக, இறக்குமதி டெண்டரின் தொகையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒப்பீடுகளோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், எனவே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இரண்டாவது விதம்: பொறுப்பாக, பிள்ளை கிளாஸிலும் ப்ரொடெக்டட் என்று போட்டு எழுதுவது. இப்போது அ சாதாரண டெண்டர், ஆ இறக்குமதி டெண்டர் என்று வையுங்கள். ஆ.குறைவா?(அ) ஓடும். அ.குறைவா?(ஆ) உடையும்! ஏன் என்றால், ஆ.தொகை என்று கேட்கும்போது ரூபி கண்டுபிடிப்பது இறக்குமதி டெண்டரில் எழுதிய மெத்தடை, அதன் ஓனர் இறக்குமதி டெண்டர். செல்ஃபாக இருப்பதோ அ, அது வெறும் டெண்டர், இறக்குமதி டெண்டர் வகை கிடையாது. கதவு சாத்தப்பட்டுவிட்டது. உள்நாட்டு டெண்டர் என்று இன்னொரு பிள்ளை கிளாஸும் தொகையை இதேபோல் மாற்றி எழுதினால், இரண்டு பிள்ளைகளும் எந்தத் திசையிலும் ஒருவர் தொகையை இன்னொருவர் கேட்க முடியாது.

அதாவது அசிரத்தையாக எழுதியவருக்கு ஓடும், ஒழுங்காக எழுதியவருக்கு உடையும். எனக்கு ரூபியில் கோபம் வரும் இடங்களில் இது ஒன்று, விதிப்படி பார்த்தால் குறை சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். இதையே குறைவா? என்பதற்குப் பதில் வரிசைப்படுத்தும் ஒப்பீட்டு ஆபரேட்டரில் எழுதி, ஓர் அரேயை சார்ட் செய்தால் இன்னும் மோசம். எது எதனோடு, எந்தத் திசையில் ஒப்பிடப்படுகிறது என்பது அரேயில் இருக்கும் வரிசையைப் பொறுத்தது. ஒரு நாள் ஓடும், மறுநாள் டேட்டா மாறியதும் விழும்.

தீர்வு எளிது. ப்ரொடெக்டட் மெத்தடைத் தாய் கிளாஸில் ஒரே இடத்தில் வையுங்கள், பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது. தாய் கிளாஸில் 'தொகை' என்ற ப்ரொடெக்டட் மெத்தட் செய்வதெல்லாம் 'கணக்கிடு' என்ற ப்ரைவேட் மெத்தடை அழைப்பது மட்டும். பிள்ளை கிளாஸ்கள் கணக்கிடு என்பதை மட்டும் மாற்றி எழுதட்டும், அங்கேயும் ப்ரைவேட் என்று மறக்காமல் போடட்டும். அ.குறைவா?(ஆ) என்று அழைத்தால் ஆ.தொகை கேட்கப்படும், ஓனர் டெண்டர், அ ஒரு டெண்டர், உள்ளே விடும். உள்ளே போனதும் செல்ஃப் ஆ ஆகிவிடும், அது தன் கணக்கிடு மெத்தடைப் புள்ளி இல்லாமல் அழைக்கும், ப்ரைவேட் விதியும் நிறைவேறிவிடும். பிள்ளை எத்தனை வந்தாலும் இது உடையாது.

5. சூப்பரை அழைக்கும்போது அடைப்புக்குறியைப் பாருங்கள்

மாற்றி எழுதிய மெத்தடுக்குள்ளிருந்து தாயின் அதே பெயர் மெத்தடை அழைப்பது சூப்பர், அதற்கு இந்தக் கதவு எல்லாம் கிடையாது. தாயின் மெத்தட் ப்ரைவேட்டோ ப்ரொடெக்டட்டோ, சூப்பர் நேராகப் போய் அழைத்துவிடும். கவனிக்க வேண்டியது ஆர்கியூமென்ட்டுகளை. வெறுமனே சூப்பர் என்று எழுதினால் உங்கள் மெத்தடுக்கு வந்த எல்லா ஆர்கியூமென்ட்டுகளும் அப்படியே மேலே போகும், நடுவில் அந்த வேரியபிளின் மதிப்பை மாற்றியிருந்தால் மாற்றிய மதிப்பு போகும். காலி அடைப்புக்குறியோடு எழுதினால் எதுவும் போகாது. இறக்குமதி டெண்டரின் இனிஷியலைஸில் வரி விகிதம் என்று ஓர் ஆர்கியூமென்ட் கூடுதலாக இருந்தால் வெறும் சூப்பர் ஆர்கியூமென்ட்எரர் தரும். எதை மேலே அனுப்ப வேண்டுமோ அதை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

இனிஷியலைஸில் சூப்பரையே மறந்துவிட்டால் அங்கே பிழை வராது. தாய் கிளாஸ் வைக்க வேண்டிய இன்ஸ்டன்ஸ் வேரியபிள்கள் எல்லாம் நில் (nil, மதிப்பே இல்லை) ஆக இருக்கும், அப்புறம் எங்கோ தொலைவில் ஒரு கூட்டல் கணக்கில் வெடிக்கும்.

6. வழக்கமான பள்ளங்கள்

கிளாஸ் மெத்தடுக்குள்ளிருந்து ப்ரொடெக்டட்டை அழைக்க முடியாது. டெண்டர் கிளாஸிலேயே செல்ஃப் புள்ளி போட்டு 'மலிவானது' என்று ஒரு கிளாஸ் மெத்தட் எழுதி, அதற்குள் ஒவ்வொரு டெண்டரின் தொகையையும் கேட்டால் பிழைதான். கோடு அதே கிளாஸுக்குள் இருக்கிறது, ஆனால் செல்ஃப் அங்கே கிளாஸ் என்ற ஆப்ஜெக்ட், டெண்டர் ஆப்ஜெக்ட் கிடையாது. ஜாவாக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தொகையைக் கேட்காமல், குறைவா? என்ற பப்ளிக் மெத்தடை வைத்து ஒப்பிடுங்கள்.

மேப் எழுதும்போது அந்தச் சுருக்க வடிவம், அதாவது ஆம்பர்சண்டும் சிம்பலும் (முக்காற்புள்ளி வைத்து எழுதிய மெத்தட் பெயர்) சேர்த்து எழுதுவது, ப்ரொடெக்டட் மெத்தடுக்கு ஓடாது. இன்ஸ்டன்ஸ் மெத்தடுக்குள்ளேயே நின்று எழுதினாலும் ஓடாது. முழு பிளாக்காக எழுதினால் ஓடும், பிளாக்குக்குள் செல்ஃப் வெளியே இருந்த அதே ஆப்ஜெக்ட்டாகவே இருக்கிறது. கோடு அழகாக்கும் கருவி அந்தப் பிளாக்கைச் சுருக்கச் சொல்லும், கேட்காதீர்கள்.

ப்ரைவேட், ப்ரொடெக்டட் இரண்டும் செல்ஃப் புள்ளி போட்டு எழுதிய கிளாஸ் மெத்தடுகளைத் தொடாது. கீழே எழுதியிருக்கிறோமே என்று நம்பினால் அவை பப்ளிக்காகவே திறந்து கிடக்கும். அவற்றை மறைக்க ப்ரைவேட்_கிளாஸ்_மெத்தட் என்று தனியாக இருக்கிறது. அதே போல், ஒரு கிளாஸை இன்னொரு ஃபைலில் மறுபடி திறந்தால் நிலை மீண்டும் பப்ளிக்கிலிருந்து தொடங்கும், முந்தைய ஃபைலில் போட்ட ப்ரொடெக்டட் இங்கே தொடராது.

இந்த மெத்தடுக்குப் பதில் சொல்வாயா என்று ஆப்ஜெக்டிடம் ரெஸ்பாண்ட்_டு? மூலம் கேட்டால் ப்ரொடெக்டட் மெத்தடுக்கு ஃபால்ஸ் வரும். 2.0-க்கு முன்னால் ட்ரூ வந்துகொண்டிருந்தது, மிகப் பழைய கோடைத் தூக்கி வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளாஸில் மெத்தட்_மிஸ்ஸிங் (அழைத்த மெத்தட் கிடைக்காதபோது ரூபி அழைக்கும் மெத்தட்) எழுதியிருந்தால் இன்னும் கவனம். தடுக்கப்பட்ட அழைப்பு முதலில் அங்கேதான் போகும், அது எல்லாவற்றையும் விழுங்குகிற மாதிரி எழுதப்பட்டிருந்தால் பிழையே வராமல் தவறான பதில் வரும். எந்தப் பிழை என்று சொல்லாமல் பிழையைப் பிடிக்கும் வெறும் ரெஸ்க்யூவும் இப்படியே, நோமெத்தட்எரர் என்பது ஸ்டாண்டர்ட்எரர் குடும்பம், சத்தமில்லாமல் பிடித்துவிடும்.

கடைசியாக சென்ட். அ.சென்ட் என்று மெத்தட் பெயரைக் கொடுத்தால் ப்ரைவேட், ப்ரொடெக்டட் எதையும் தாண்டிப் போய்விடும். ஆக, தொகையை ரகசியமாக வைக்க இது பூட்டு கிடையாது, கிளாஸை எழுதியவரின் வேண்டுகோள் மட்டும். பாஸ்வேர்டைக் காக்க ப்ரொடெக்டட்டை நம்பாதீர்கள். பெயரைக் கொடுத்து அழைக்க வேண்டிய இடத்தில் பப்ளிக்_சென்ட் பயன்படுத்தினால் விதி காக்கப்படும், அது பப்ளிக்கை மட்டுமே அழைக்கும்.

7. உடைந்தால் இந்த வரிசையில் பாருங்கள்

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். ப்ரொடெக்டட் மெத்தட் அழைக்கப்பட்டது என்று சொல்கிறதா, அப்படி ஒரு மெத்தடே இல்லை என்கிறதா? இரண்டும் நோமெத்தட்எரர்தான், ஆனால் காரணம் வேறு. முதலாவது என்றால் அந்த ஆப்ஜெக்டிடம் மெத்தட் என்ற மெத்தடை அழைத்து, தொகை என்ற சிம்பலைக் கொடுத்து, வருவதன் ஓனரைக் கேளுங்கள். ப்ரொடெக்டட்டாக இருந்தாலும் இது பதில் சொல்லும். நீங்கள் டெண்டர் என்று எதிர்பார்த்த இடத்தில் இறக்குமதி டெண்டர் என்று வந்தால், 4-ஆவது படிக்குத் திரும்புங்கள்.

ஓனர் சரியாக இருந்தால், பிழை வந்த வரிக்கு முந்திய வரியில் செல்ஃபை அச்சிட்டுப் பாருங்கள். கிளாஸ் வந்தால் நீங்கள் கிளாஸ் மெத்தடுக்குள் இருக்கிறீர்கள். சம்பந்தமே இல்லாத ஆப்ஜெக்ட் வந்தால், எங்கோ இன்ஸ்டன்ஸ்_ஈவால் பிளாக்குக்குள் நுழைந்து செல்ஃபை மாற்றியிருக்கிறது, டிஎஸ்எல் வகை ஜெம்கள், அதாவது ஒரு வேலைக்கென்றே குட்டி மொழி போல எழுத வைப்பவை, இதை அதிகம் செய்யும். அதிலும் பிடிபடவில்லை என்றால் கிளாஸிடம் ஆன்செஸ்டர்ஸ் கேளுங்கள். ரூபி மெத்தடைத் தேடும் வரிசை அதுதான்: ப்ரிபெண்ட் செய்த மாட்யூல் கிளாஸுக்கு முன்னாலும், இன்க்ளூட் செய்தது கிளாஸுக்கு அடுத்தும், தாய் கிளாஸ் அதற்கும் பின்னாலும் நிற்கும்.

கசிவைப் பிடிக்க இன்னொரு வழி. ஒவ்வொரு பிள்ளை கிளாஸிடமும் பப்ளிக்_இன்ஸ்டன்ஸ்_மெத்தட்ஸ் கேட்டு, ஆர்கியூமென்ட்டாக ஃபால்ஸ் கொடுத்தால் அந்தக் கிளாஸிலேயே எழுதிய பப்ளிக் மெத்தடுகள் மட்டும் வரும். தொகையோ கணக்கிடுவோ அந்தப் பட்டியலில் தெரிந்தால் யாரோ டெஃப்புக்கு மேலே ப்ரைவேட் போட மறந்திருக்கிறார்கள். 3.1-லிருந்து தாய் கிளாஸிடம் சப்கிளாஸஸ் என்று கேட்டால் நேர்ப் பிள்ளைகளின் பட்டியலே கிடைக்கும், ஆக இந்தச் சோதனையை ஒரு டெஸ்டாகவே எழுதி வைத்துவிடலாம். ஒப்பீட்டு டெஸ்ட் எழுதும்போது அ-வை ஆ-வோடும், ஆ-வை அ-வோடும் இரண்டு திசையிலும் எழுதுங்கள்.

8. இதெல்லாம் தேவையா என்று முடிவு செய்யுங்கள்

என்னைக் கேட்டால், பெரும்பாலான கிளாஸ்களுக்குப் பப்ளிக்கும் ப்ரைவேட்டும் போதும். ஒரே வகை ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றன் உள்விவரத்தை இன்னொன்று பார்க்க வேண்டிய இடங்கள் சிலவே: சமமா என்று பார்ப்பது, வரிசைப்படுத்த ஒப்பிடுவது, இரண்டை ஒன்றாகச் சேர்ப்பது. அங்கே ப்ரொடெக்டட் அழகாக உட்காரும். வேறெங்காவது எழுதக் கை போனால், புள்ளி வைத்து இன்னொரு ஆப்ஜெக்டை உண்மையிலேயே கேட்கிறோமா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் ப்ரைவேட் ஆக்கிவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள், அநேகமாக எதுவும் உடையாது.